உக்கிராணக்காரியின் கணக்கு

வீட்டுக் கணக்கு எழுதுவது இலக்கியப் பக்கத்துக்குரிய விஷயமாகுமா என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். அரிசி, மண்ணெண்ணெய், தேங்காய், பிள்ளைகளின் கொப்பி, சவர்க்காரம் என்று வரிசையாகப் பதிந்து கிடக்கும் பழைய ஏடு ஒன்றில் சுவைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணமே இருந்தது. என் தாயார் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டாகிறது. அவர் எழுதி வைத்துப்போன கணக்குக் கொப்பிகளை இவ்வாண்டு மழைக்காலத்தில் மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். அவரது விசுவாசத்தை அவருடைய ஜெபங்களிலிருந்து நான் அறிந்ததைக் காட்டிலும், இந்தக் கொப்பிகளிலிருந்தே அதிகமாக அறிந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றிற்று. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் வாழ்ந்தது திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குச் சமீபமாக, ஓட்டு வீடுகள் நெருங்கி நின்ற ஓர் ஒழுங்கையில். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் திருகோணமலையும் ஒன்றென்பர். 1795ஆம் ஆண்டில் பிரித்தானியர் அதனைக் கைப்பற்றியது முதல், அதன் ஆழ்ந்த நீரில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்ததும் அக்காரணம் பற்றியே. துறைமுகத்தை அடுத்து வாழ்ந்த எங்களுக்கோ கப்பல் என்பது யுத்தமன்று, சம்பளம். கப்பல் வந்தால் கடைத்தெருவில் காசு புரளும். கப்பல் போனால் கடைக்காரரின் கடன் கொப்பி தடிக்கும். கடல் வற்றுப்பெருக்கைப் போலவே வருமானமும் ஏறி இறங்கும் ஊரில், குடும்பம் நடத்துவது எளிய காரியமன்று.

கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் என் தந்தையார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பகலெல்லாம் பிறர் கணக்கை எழுதி வந்தவர்க்கு வீட்டுக் கணக்கில் மனம் செல்லவில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்துவிடுவார். அதற்குப்பின் அது அம்மாவின் இராச்சியம்.

அடுக்களைத் தட்டின்மேல் மூன்று தகரப்பேணிகள் இருந்தன. முதலாவது 'கர்த்தர் பேணி'. சம்பளம் வந்த அன்றே, அரிசிக்கும் முன்னதாக, பத்திலொரு பங்கு அதனுள் விழும். அதில் ஒரு பகுதி மாதந்தோறும் ஆலயத்துக்குப் போகும். மறுபகுதி அறுப்பின் பண்டிகைக்கென்று சேரும். இரண்டாவது 'வீட்டுப் பேணி', அன்றாடச் செலவுக்குரியது. மூன்றாவது 'நாளைப் பேணி'. யோசேப்பு எகிப்தின் செழிப்பான ஏழு வருஷங்களில் விளைச்சலின் ஐந்திலொன்றைச் சேர்த்து வைத்த கதையை, அந்தப் பேணியைக் காட்டியே அம்மா எங்களுக்குச் சொல்லுவார். சனிக்கிழமை மாலையில் விளக்கேற்றியதும் மூன்று பேணிகளும் பாயின்மேல் இறங்கும். சதம் சதமாக எண்ணிக் கொப்பியில் எழுதியபின்தான் இராச் சாப்பாடு.

"அம்மா, நீங்கள் ஏன் இவ்வளவு கரிசனையாக எழுதுகிறீர்கள்? யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நான் உக்கிராணக்காரி, தம்பி. காசு என்னுடையதல்ல. கணக்கு மட்டுந்தான் என்னுடையது" என்றார்.

இச்சொல்லைப் பற்றி மாணவ வாசகர்க்கு ஒரு வார்த்தை. உக்கிராணம் என்றால் பண்டசாலை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அரிசி பருப்பு வைத்திருக்கும் அறையை உக்கிராணம் என்பதுண்டு. அதன் திறவுகோலை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். பண்டம் அவனுடையதன்று, ஆயினும் எவருக்கு எவ்வளவு அளந்து கொடுத்தான் என்பதற்கு அவனே பொறுப்பாளி. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு, லூக்கா சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்து உவமையில் இச்சொல்லையே ஆளுகிறது. தம் பொருளை விரயம் செய்தவனை எசமான் அழைத்துக் கணக்குக் கேட்கிற கதை அது. கிறிஸ்தவ இல்லறத்தின் பொருளியல் முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம். வருவாய் சிறிதாயினும் செலவு அகலாதிருந்தால் கேடில்லை என்று 'வலியறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது சிக்கனத்தின் இலக்கணம். உக்கிராணக்காரன் என்ற சொல் அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறது: மிச்சம் பிடித்தது யாருக்காக?

அம்மா மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர். அச்சபையின் மிஷனரிமார் இலங்கையில் வந்திறங்கியது 1814ஆம் ஆண்டில். அவர்களின் முன்னோடியான ஜோன் வெஸ்லி, 1760இல் வெளியான 'பணத்தின் உபயோகம்' என்ற பிரசங்கத்தில் மூன்று கடமைகளை விதித்தார். இயன்றமட்டும் நேர்மையாக உழைத்துத் தேடுவது, இயன்றமட்டும் வீண்செலவு நீக்கிச் சேமிப்பது, இயன்றமட்டும் கொடுப்பது. முதலிரண்டும் செய்து மூன்றாவதை விட்டவன் ஒன்றும் செய்தவனாகான் என்பது அவர் கொள்கை. அயலானுக்குக் கேடு செய்யும் சம்பாத்தியங்களை அவர் விலக்கியபோது, அடைவு பிடிக்கும் தொழிலையும் அவற்றுள் சேர்த்தார்.

ஆண்டுக்கு 30 பவுண் வருவாயுள்ள ஒரு ஒக்ஸ்போட் வாலிபனைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவ்வாலிபன் 28 பவுணில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தான். மறு ஆண்டு வருவாய் 60 ஆயிற்று. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தான். 90 வந்தபோது 62ஐயும், 120 வந்தபோது 92ஐயும் கொடுத்தான். அந்த வாலிபன் வெஸ்லியே என்பர். வருவாய் உயர உயர வாழ்க்கைச் செலவும் உயர்ந்தே தீரவேண்டுமென்ற விதியை அவர் ஏற்கவில்லை. இந்தக் கணக்கை ஞாயிறு பாடசாலையில் கேட்டபோது எனக்கு அது வெறும் கழித்தல் கணக்காகவே இருந்தது.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு மாறிற்று. சுதந்திர நாட்டுக்கு அது பெருமை. எங்கள் ஒழுங்கையும் அந்தப் பெருமையில் பங்குகொண்டது. ஆனால் அந்நியக் கப்பல்களை நம்பிய சிறு தொழில்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. அப்பா வேலை பார்த்த இடமும் மூடப்பட்டது. எனக்கு அப்போது வயது பத்து. மாரி மழை தொடங்கிய நாட்கள் அவை. நாளைப் பேணியைத் திறக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்று அம்மா அமைதியாகச் சொன்னார்.

அடுத்த வீட்டுக்காரர் கப்பலில் சுமை ஏற்றும் தொழிலாளி. அவருக்கும் வேலையில்லை. அவருடைய மனைவியை நாங்கள் மாமி என்போம். வெள்ளிதோறும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குத் தவறாமற் போகிறவர். எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர். ஒருநாள் பின்னேரம் அவர் அம்மாவிடம் வந்து, அடுக்களை வாசலில் நின்றபடியே பேசினார்.

"அக்கா, காப்பு இரண்டையும் அடைவு வைத்திருந்தேன். சனிக்கிழமை தவணை. மீட்காவிட்டால் மூழ்கிப்போம். அது என் அம்மா போட்டுவிட்ட காப்பு."

முதலும் வட்டியுமாக 27 ரூபா வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பேணியில் நாலைந்து ரூபா கூட இல்லை. நாளைப் பேணியில் இருந்தது எங்களுடைய அரிசிக்குக் கணக்காக இருந்தது. கர்த்தர் பேணியில் 31 ரூபா 50 சதம் இருந்தது.

அன்றிரவு நடந்த பேச்சை நான் பாயில் படுத்தபடி கேட்டேன். அப்பா கோபித்தார் என்று சொல்ல மாட்டேன், அவர் கலங்கினார். "அது ஆலயத்துக்கென்று நேர்ந்த காசு. அதில் கைவைக்க நீ யார், நான் யார்? வைக்கலாமென்றால், முதலில் நம்முடைய பிள்ளைகளுக்கல்லவா வைக்கவேண்டும்?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். இன்றைக்கும் அவற்றை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன்.

அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு வேதாகமத்தை எடுத்து, மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தை விளக்குக்குச் சமீபமாகப் பிடித்து, கொர்பான் என்ற சொல் வரும் இடத்தை அப்பாவுக்குக் காட்டினார். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டிய உதவியை, இது தேவனுக்கென்று நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்ட இடம் அது. "தேவனுடைய பெயரால் பேணியைப் பூட்டி வைப்பதும் ஒரு பாவமாகலாம் என்றுதானே இதில் இருக்கிறது? நமக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு அரிசி இருக்கிறது. அவளுக்குச் சனிக்கிழமை வரைக்குந்தான் இருக்கிறது" என்றார்.

மறுநாட்காலை அம்மா போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அனுமதி கேட்கவன்று; காணிக்கை குறையப்போகிறதென்று அறிவிக்க. அவர் சிரித்துவிட்டு, அந்த ஏழை விதவை காணிக்கைப்பெட்டியில் இரண்டு காசு போட்ட கதைக்குச் சற்று முந்திய வசனங்களையும் வாசித்துப் பாருங்கள் என்றாராம். விதவைகளின் வீடுகளை விழுங்குவோரை இயேசு கண்டித்தது அவ்விடத்திலேதான். காணிக்கையைப் புகழ்ந்த வாய், காணிக்கையை மட்டும் போற்றி ஏழையை மறந்தவர்களைப் பழித்த வாயும் ஆகும்.

காப்பு மீண்டது. கொப்பியில் அந்தப் பதிவு மட்டும் அம்மாவின் கையெழுத்தில் இல்லை. கணக்கப்பிள்ளைக்குரிய சாய்ந்த எழுத்தில் அப்பாவே எழுதியிருக்கிறார்: 'கர்த்தர் பேணி. அயல் வீடு, காப்பு மீட்க, ரூபா 27. வட்டியில்லை.' அதன் கீழே பதினொரு மாதங்களில், ஒரு ரூபாவாகவும் இரண்டு ரூபாவாகவும் சில மாதங்களில் ஐம்பது சதமாகவும் திரும்பி வந்த பதிவுகள் இருக்கின்றன. 24 ரூபா வந்தது. எஞ்சிய மூன்று ரூபாவின் நேரே 'விட்டாயிற்று' என்று அம்மா எழுதிவிட்டார். அடைவிலிருந்து நகையை மீட்பதையும் பாவத்திலிருந்து ஆத்துமாவை மீட்பதையும் நம் மொழி ஒரே சொல்லாற் குறிப்பதை, பிற்காலத்தில் தமிழ் படிப்பிக்கும்போது நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அம்மா செய்தது ஒரு பெண்ணின் இரக்கச் செயல் மாத்திரமன்று. நீண்ட மரபொன்றின் வழிவந்தது. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்றும், அயலானின் போர்வையை ஈடாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் யாத்திராகமம் விதிக்கிறது. அவன் வேறெதைப் போர்த்து உறங்குவான் என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம். 1462ஆம் ஆண்டில் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடைவு நிதியம் ஒன்று தோன்றிற்று. கொடிய வட்டியிலிருந்து மக்களைக் காப்பதே அதன் நோக்கம்.

வெஸ்லியும் 1746இல் இலண்டனில் வீடு வீடாய்ச் சென்று பணம் சேர்த்து ஒரு கடனுதவி நிதி அமைத்தார். 20 சிலிங் வரை கடன் கொடுப்பது, மூன்று மாதத்துக்குள் திருப்பி வாங்குவது என்பது ஒழுங்கு. அச்சிறு முதலைக் கொண்டு ஓராண்டில் 250 பேருக்கு உதவ முடிந்ததென்று அவர் குறித்துள்ளார். கடன் வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. ஜேம்ஸ் லக்கிங்டன் என்ற ஏழைச் சப்பாத்துத் தொழிலாளி அந்நிதியில் ஐந்து பவுண் பெற்றுத் தன் சிறு புத்தகக் கடையை வளர்த்தார். பிற்காலத்தில் இலண்டனின் பெரும் புத்தக வணிகர்களுள் ஒருவரானார். புத்தகத்தை நேசிக்கும் இப்பக்கத்து வாசகர்க்கு அச்செய்தி இனிக்கும்.

ஜெர்மனியிலே ரைபைசன் என்ற பக்தியுள்ள ஊர்த்தலைவர் 1864இல் ஹெட்டெஸ்டோர்வ் என்ற இடத்தில் கிராமத்தவர்க்கான கடனுதவிச் சங்கத்தைக் கண்டார். அம்மாதிரியைப் பின்பற்றிய ஐக்கிய நாணய சங்கங்களுக்கு இந்தியாவில் 1904இலும் இலங்கையில் 1911இலும் சட்டங்கள் பிறந்தன. அம்மாவுக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பேணியும் ஓர் அயலாளும்.

இனி என் கணக்கைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் அம்மாவின் கணக்கை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

1970இல் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். அப்பா அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா தையல் வேலை செய்துகொண்டு ஊரிலேயே இருந்தார். மாதந்தோறும் 30 ரூபாவுக்குக் காசுக்கட்டளை அனுப்பினேன். பத்திலொன்றையும் ஒழுங்காக ஆலயத்துக்குக் கொடுத்தேன். சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் காணிக்கையும் உயர்ந்தது. அதிலே எனக்கு ஓர் அந்தரங்கப் பெருமையும் உண்டு. பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற 1973, 1974ஆம் ஆண்டுகளிலும் என் காணிக்கை தவறவில்லை. ஆனால் அம்மாவுக்குச் சென்றது அதே 30 ரூபா. விலைகள் உயர்ந்தது எனக்குத் தெரியும். நான் வாங்கும் அரிசிக்கு நானே விலை கொடுத்தேன். அம்மா கேட்கவில்லை. ஆகையால் நான் நினைக்கவில்லை.

1976இல் அவர் இறந்தபின் கொப்பிகளைக் கண்டேன். 1974 பங்குனி மாதத்தில் 'கண்ணாடி: பிறகு' என்று ஒரு வரி இருந்தது. வைகாசியில் மறுபடியும் அதே வரி. ஆவணியிலும் அதுவே. பக்கம் செல்லச் செல்ல எழுத்து பெரிதாகிக்கொண்டு போகிறது. கடைசிக் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஆறு வரிக்குமேல் இல்லை. கண் மங்கிய ஒரு தையற்காரி ஊசியில் நூல் கோக்க என்ன பாடு பட்டிருப்பார் என்பதை அந்த எழுத்துக்கள் சொல்லின. அந்தப் பக்கங்களிலும் முதல் வரி கர்த்தர் பேணிதான்.

கொர்பான் என்ற சொல்லைப் பத்து வயதிலேயே பாயில் படுத்திருந்து கேட்டவன் நான். பரிசேயரைப் பற்றியது என்று எண்ணியிருந்தேன். அது என்னைப் பற்றியது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் சொல்கிறது. என் கணக்கிலே பிழை கூட்டலிலும் இல்லை, கழித்தலிலும் இல்லை. ஒரு பெயரை எழுதவேண்டிய இடத்தில் வெறும் தொகையை எழுதியதே பிழை.

இவை பழங்கதைகளாகப் போய்விடவில்லை. யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பலர் கிழமைத் தவணைக் கடன்களிற் சிக்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று வாங்கி நைந்தார்கள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களது நுண்கடன்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டுத் தவணை தவறியவற்றை அரசு தன்மேல் ஏற்கவேண்டி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவு விலையேற்றம் 94.9 சதவீதத்தையும் எட்டியது. அவ்வாண்டு நகை வைத்திருந்தோர் அடைவுக்கு ஓடினர். இல்லாதோர் எங்கே ஓடினரோ!

இத்தகைய காலங்களில், காணிக்கை கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பிவரும் என்று போதிப்போரும் பெருகுகின்றனர். அம்மாவின் கொப்பியில் அதற்குச் சான்று கிடையாது. அவர் கொடுத்தார், அதனால் பணக்காரியாகவில்லை. கடன்பட்டு எவரிடமும் நிற்கவில்லை என்பதும், அயலாளின் கையில் காப்பு மின்னியதை நாள்தோறும் கிணற்றடியிற் கண்டார் என்பதுமே அவர் பெற்ற பலன்.

இளந்தம்பதிகள் கணக்கெழுதும் முறை பற்றி என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது சிறிது. சம்பளநாளில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எண்ணுங்கள். ஒருவர்க்கு மறைத்து மற்றவர் கடன்படாதிருங்கள். கொடுக்கவேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சியதைக் கொடுப்போம் என்றிருந்தால் மிஞ்சாது. நத்தாருக்கும் கல்யாணத்துக்கும் பிறர் கண்ணுக்காக வட்டிக்கு வாங்காதிருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பெற்றோருக்கு அனுப்பும் தொகையை அரிசி விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தடுமாறும். அவர்கள் அதனை முதுமை என்று எண்ணிக்கொள்வார்கள்.

மூன்று பேணிகளில் இரண்டு துருவேறிப் போய்விட்டன. கர்த்தர் பேணி மட்டும் என் மேசையில் இருக்கிறது. ஓய்வூதியம் எடுத்த நாளில் அதற்குரியது அதற்குள் விழுகிறது. நேற்று அதைத் திறந்து பார்த்தேன், வெறுமையாக இருந்தது. சென்ற கிழமை எங்கள் ஒழுங்கையிலே ஒரு வீட்டுக்கு அது போயிருக்கிறது. கொப்பியில் அந்த வீட்டாரின் பெயரை எழுதி, தொகையை எழுதி, அப்பா எழுதியபடியே 'வட்டியில்லை' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.